அடையாள அரசியல்: ஆளை அறிவதும் வாதத்தை நிறுப்பதும்

சென்ற சிறுபோகத்துக்கு, அதாவது கோடைக்கால நெற்செய்கைக்கு, முன்பு எங்கள் ஊர்ப் பொதுநோக்கு மண்டபத்தில் கமக்காரர் அமைப்பின் கூட்டம் நடந்தது. கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு நடுத்தரக் குளத்தின் கீழ் வயல் செய்கிறவர்கள் நாங்கள். குளத்தில் எத்தனை அடி நீர் நிற்கிறது, எத்தனை ஏக்கர் விதைக்கலாம், குளத்து மதகான துருசை எந்தத் திகதியில் திறப்பது என்று பேசி முடிவெடுக்கும் கூட்டம் அது. வாய்க்காலின் கடைசியில் காணி செய்கிற ஒரு பெண் எழுந்தார். முப்பது வயது இருக்கும். கையில் பிள்ளைகளின் அப்பியாசக் கொப்பி ஒன்றைச் சுருட்டி வைத்திருந்தார்.

"போன முறை துருசு திறந்து நான்காம் நாள்தான் எங்கள் பக்கம் தண்ணீர் வந்தது. திகதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். நடுவிலே வாய்க்கால் கரையை வெட்டிக் குழாய் வைத்திருக்கிறார்கள். இந்த முறை கடைசிக் காணியிலிருந்து பாய்ச்சத் தொடங்கி மேலே வாருங்கள். அப்படிச் செய்தால் எல்லோருக்கும் கிடைக்கும்."

முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் அவரைத் திரும்பியும் பாராமல் தலைவரிடம் சொன்னார்: "வந்தான் வரத்தான் எல்லாம் குளத்துத் தண்ணீரைப் பற்றிக் கதைக்க வெளிக்கிட்டால் பிறகு இந்த அமைப்பு எதற்கு? இவர்களுடைய காணியே பாசனப் பரப்புக்குள் இல்லையே."

அந்தப் பெண்ணின் தாத்தா தமிழருக்கு எதிரான 1977 வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து காடு வெட்டிக் காணியாக்கியவர். பெண் இங்கேயே பிறந்து, இங்கேயே இடம்பெயர்ந்து, இங்கேயே மீண்டும் குடியேறியவர். இருந்தும் இன்னமும் 'வந்தவர்'. பின்வரிசை இளைஞர்கள் கொதித்துப் போனார்கள். "இது திமிர்ப் பேச்சு" என்று ஒருவர் கத்தினார். பெரியவரின் பக்கத்தில் இருந்தவர்கள் பதிலுக்கு எழுந்தார்கள். தலைவர் அடுத்த விடயத்துக்குப் போய்விட்டார். கொப்பியில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அடையாள அரசியல் என்ற சொல்லைப் பத்திரிகைகளில் அடிக்கடி காண்கிறோம். பெரும்பாலும் வசைச் சொல்லாகவே அது பயன்படுகிறது. ஆனால் அதன் பிறப்பு வசையில் இல்லை. 1977ஆம் ஆண்டு அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் கறுப்பினப் பெண்கள் சிலர் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். கொம்பாஹி ஆற்றுக் கூட்டு என்பது அவர்களுடைய அமைப்பின் பெயர். 1863இல் ஹரியட் டப்மன் என்ற கறுப்பினப் பெண் முன்னின்று நடத்திய படை நடவடிக்கையில் எழுநூறுக்கும் மேற்பட்ட அடிமைகள் விடுவிக்கப்பட்ட ஆறு அது. வெள்ளையினப் பெண்களின் இயக்கத்தில் கறுப்பர் என்பதால் தங்கள் குரல் எடுபடவில்லை, கறுப்பின இயக்கத்தில் பெண்கள் என்பதால் எடுபடவில்லை, ஆகவே எங்கள் ஒடுக்குமுறையை நாங்கள் நிற்கும் இடத்திலிருந்தே பேசப் போகிறோம் என்றார்கள். அந்த அறிக்கையில்தான் 'அடையாள அரசியல்' என்ற சொல் இன்றைய பொருளில் முதன்முதலாகப் புழக்கத்துக்கு வந்ததாகக் கொள்ளப்படுகிறது. இன்னொன்றையும் அவர்கள் சொன்னார்கள், அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: கறுப்பின ஆண்களிடமிருந்து நாங்கள் பிரிந்து போகமாட்டோம், அவர்களோடு சேர்ந்து இனவாதத்தை எதிர்ப்போம், அவர்களோடு முரண்பட்டு ஆணாதிக்கத்தையும் எதிர்ப்போம். தங்கள் அடையாளத்திலிருந்து பேசத் தொடங்கினார்கள். மற்றவர் வாயை மூட அதைப் பயன்படுத்தவில்லை.

இந்த வரைவிலக்கணம் நமக்குப் புதிதல்ல. ஓர் அடையாளத்தின் பெயரால் ஒதுக்கப்பட்டவர்கள் அதே அடையாளத்தின் பெயரால் ஒன்றுகூடி நியாயம் கேட்பது இலங்கைத் தமிழருக்குப் பாடநூலில் படித்து அறிய வேண்டிய விடயமா? 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் இலட்சக்கணக்கான மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. அவர்கள் யார் என்பதைப் பார்த்துத்தான் அது செய்யப்பட்டது. சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய 1956இன் தனிச் சிங்களச் சட்டமும் அப்படியே. அடையாளத்தைப் பார்த்து அடித்தவர்கள் இருக்கும்போது, அடிபட்டவர்களிடம் மட்டும் 'அடையாளத்தை மறந்துவிட்டுப் பேசுங்கள்' என்பது நீதியாகாது. இதை நான் முழு மனதோடு நம்புகிறேன். நம் கூட்டத்தில் எழுந்த பெண்ணும் 'கடைசிக் காணிக்காரர்' என்ற இடத்திலிருந்து பேசியதால்தான் நான்காம் நாள் தண்ணீர் என்ற செய்தியே மண்டபத்துக்குள் வந்தது. தலைமடையில் வயல் வைத்திருக்கும் எனக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.

சிக்கல் அதற்கு அடுத்த அடியில் தொடங்குகிறது. ஒருவர் எங்கே நின்று பேசுகிறார் என்று அறிவது ஒன்று. அவர் நிற்கும் இடத்தை மட்டும் வைத்து அவர் சொன்னது சரி அல்லது பிழை என்று தீர்ப்பது இன்னொன்று. தர்க்க நூல்களில் இந்தப் பிழைக்கு ஒரு பழைய இலத்தீன் பெயர் உண்டு. 'அட் ஹொமினெம்' என்பார்கள், 'ஆளை நோக்கி' என்று பொருள். வாதத்தை விட்டுவிட்டு வாதிடுகிறவரைப் பிடித்துக்கொள்வது. 'நீ வந்தவன்', 'நீ வெளிநாட்டில் இருப்பவன்', 'நீ படித்தவன், உனக்கு வயல் தெரியாது', 'நீ பெண்', 'நீ முன்பு அந்தக் கட்சியில் இருந்தவன்தானே'. எல்லாம் ஒரே வகைதான். சொல்லப்பட்டது உண்மையாகவே இருக்கலாம், அவர் முன்பு அந்தக் கட்சியில் இருந்திருக்கவும் கூடும். ஆனால் அதனால் அவருடைய கணக்கு பிழையாகிவிடாது.

இதற்கு நம் வரலாற்றிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 1956இல் தனிச் சிங்களச் சட்ட விவாதத்தின்போது இடதுசாரித் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா நாடாளுமன்றத்தில் எச்சரித்தார்: இரண்டு மொழி என்றால் ஒரு நாடு, ஒரு மொழி என்றால் இரண்டு நாடு. அவர் சிங்களவர். தென்னிலங்கைக்காரர். அடையாளத்தைப் பார்த்து வாதத்தை எடைபோடுவதாக இருந்தால் அன்றைய தமிழர் அவரை நம்பியிருக்கக் கூடாது, அன்றைய சிங்களவர் அவரை நம்பியிருக்க வேண்டும். நடந்தது அதுவல்ல. பதினாறு ஆண்டுகளுக்குப் பின், 1972இல், அதே கொல்வின் ஆர். டி சில்வா அரசியலமைப்பு விவகார அமைச்சராக இருந்து வரைந்த குடியரசு யாப்பு சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக உறுதிசெய்தது. பௌத்தத்துக்கு முதன்மையிடம் கொடுத்தது. அதற்கு முன்பிருந்த சோல்பரி யாப்பில் சிறுபான்மையினருக்கு இருந்த 29ஆம் பிரிவின் பாதுகாப்பைக் கைவிட்டது.

தேநீர்க் கடைகளில் யாராவது அந்த 1956 வாக்கியத்தைச் சொன்னால், உடனே பதில் வரும்: "அவர்தானே 72 யாப்பை எழுதியவர்!" பேச்சு அதோடு முடிந்துவிடும். முடியக்கூடாது என்பதே என் கருத்து. 1972 நமக்குச் சொல்வது அந்த மனிதரைப் பற்றி: அவர் தன் சொல்லைத் தானே கைவிட்டார். அதற்காக அவரை எவ்வளவும் குறை சொல்லலாம், நானும் சொல்வேன். ஆனால் ஒரு மொழியைத் திணித்தால் நாடு உடையும் என்ற கூற்று அவருடைய நேர்மையின் மேல் கட்டப்பட்டதல்ல. அது சரியா பிழையா என்பதை அடுத்து வந்த முப்பது, ஐம்பது ஆண்டுகள் காட்டின. அதை எழுதிவைக்க இந்த வன்னி மண்ணை விடப் பெரிய ஏடு எங்கே இருக்கிறது? சொன்னவர் மாறினார், சொல் மாறவில்லை. இரண்டையும் இரண்டு கணக்காக வைத்துக்கொள்ளத் தெரிந்தால் பாதிப் பாடம் முடிந்தது.

மீதிப் பாதி கொஞ்சம் கடினம். 'ஆளைப் பார்க்காதே, வாதத்தை மட்டும் பார்' என்று ஒரே அடியாகச் சொல்லிவிடவும் முடியாது. சில இடங்களில் ஆளைப் பார்த்தே ஆகவேண்டும். அந்தப் பெண் சொன்ன மூன்று விடயங்களைப் பிரித்துப் பார்த்தால் இது விளங்கும்.

நான்காம் நாள்தான் தண்ணீர் வந்தது என்பது சாட்சியம். கண்டவர் சொல்வது. இங்கே யார் சொல்கிறார் என்பது முக்கியம், ஏனென்றால் அந்த வரம்பில் நின்று பார்த்தவர் அவர்தான். அவர் கவனமானவரா, திகதி குறித்தாரா, பொய் சொல்லக் காரணம் உண்டா என்றெல்லாம் கேட்பது நியாயமே. நீதிமன்றத்திலும் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்கிறார்கள். குழாய் வைத்திருக்கிறார்கள் என்பது யாரும் போய்ப் பார்க்கக்கூடிய செய்தி. அதற்கு அவரை நம்பவும் வேண்டாம், நம்பாமல் இருக்கவும் வேண்டாம். வாய்க்கால் கரையில் ஒரு மணித்தியாலம் நடந்தால் போதும். கடைசியிலிருந்து பாய்ச்சத் தொடங்கினால் எல்லோருக்கும் கிடைக்கும் என்பதுதான் வாதம். அதைச் சொன்னவர் மலையக வழிவந்தவரா, வன்னியில் ஏழு தலைமுறையா, நீர்ப்பாசனப் பொறியியலாளரா என்பது அதன் எடையைக் கூட்டவும் செய்யாது, குறைக்கவும் செய்யாது. வாய்க்காலின் நீளம், சரிவு, மண் உறிஞ்சும் அளவு, கதவு திறந்திருக்கும் நாட்கள் இவைதான் அதைத் தீர்க்கும். கூட்டத்தில் நாங்கள் செய்த பிழை, மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, மூட்டையின் மேல் அவருடைய பூர்வீகத்தை எழுதி, மூலையில் வைத்தது.

தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். முழுக்க உண்மை. வலி எங்கே, எப்படி, எப்போது என்று நோயாளியைத் தவிர வேறு யாரும் சொல்ல முடியாது, அதைக் கேளாத வைத்தியர் வைத்தியரே அல்ல. ஆனால் அது என்ன காய்ச்சல், எந்த மருந்து என்ற கேள்விக்குக் காய்ச்சல்காரர் என்பதாலேயே ஒருவருக்கு விடை தெரிந்துவிடாது. பட்டறிவு வாதத்துக்கு மூலப்பொருள். வாதத்தை அதைக்கொண்டு கட்டியெழுப்ப வேண்டும்.

வன்னியில் இதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது, இருந்தாலும் சொல்ல வேண்டும். இங்கே எல்லா அடையாளத்துக்கும் மேலான அடையாளம் ஒன்று உண்டு: 'கடைசி வரை இருந்தவர்'. 2009 மே மாதம் முள்ளிவாய்க்கால் வரை நடந்து, பதுங்குகுழிகளில் பிள்ளைகளைப் பொத்திப் பிடித்திருந்து, பிறகு செட்டிகுளம் முகாம்களில் முள்வேலிக்குள் நாட்களை எண்ணியவர்கள். அவர்கள் 'அங்கே என்ன நடந்தது' என்று சொல்லும்போது மற்றவர்கள் வாயை மூடிக் கேட்க வேண்டும். அது சாட்சியம். கொழும்பிலோ லண்டனிலோ இருந்தவர் அதைத் திருத்த வரக்கூடாது. ஆனால் அதே தகுதியை வேறு கேள்விகளுக்கும் நீட்டிவிடுகிறோம். கூட்டுறவுச் சங்கத்தின் கடனை எப்படி அடைப்பது, பாடசாலைக்கு எந்தக் கட்டடம் முதலில் தேவை என்று பேசும்போதும் "நீ அப்போது எங்கே இருந்தாய்?" என்ற கேள்வி எழுகிறது. அதற்குப் பதில் சொல்ல முடியாமல் நல்ல யோசனையோடு வந்தவர் உட்கார்ந்துவிடுகிறார். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, இருபது ஆண்டுகளுக்குப் பின் முல்லைத்தீவுக்குத் திரும்பிய முஸ்லிம் குடும்பத்தவரிடமும் அந்தக் கேள்வி கேட்கப்படுவதை நான் கேட்டிருக்கிறேன். அவர்கள் ஏன் இங்கே இருக்கவில்லை என்பது கேட்டவருக்குத் தெரியாதா?

அடையாளத்தைப் பார்த்துத் தள்ளுவதுபோலவே, அடையாளத்தைப் பார்த்துத் தலையாட்டுவதும் பிழைதான். இது பலருக்கு எளிதில் பிடிபடுவதில்லை. கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்பாக 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடங்கியது வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்களுடைய போராட்டம். அந்த வழியாகப் போகிறவர்கள் "பாவம், தாய்மார்" என்பார்கள். இரக்கம் உண்மையானது. ஆனால் அந்தத் தாய்மார் கேட்டது இரக்கத்தை அல்ல. அவர்களிடம் ஒரு வாதம் இருந்தது. 2010இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு வந்தது, சாட்சியம் சொன்னோம். 2013இல் காணாமற்போனோருக்கென ஜனாதிபதி ஆணைக்குழு அமைத்தார்கள், 2014 ஜனவரியில் கிளிநொச்சியில் அமர்வு நடந்தது, அங்கேயும் சொன்னோம். ஒரு பிள்ளையைப் பற்றியேனும் பதில் வரவில்லை. இப்போது 2016 சட்டத்தின்படி காணாமற்போனோருக்கென இன்னோர் அலுவலகம். அதே கோப்புகளை மூன்றாம் முறையும் நீட்டினால் முடிவு ஏன் வேறாக இருக்கும்? தண்டிக்கும் அதிகாரம் அதற்கு உண்டா?

இந்தக் கேள்விகளில் கண்ணீர் இல்லை, தர்க்கம் இருக்கிறது. அதோடு உடன்படலாம், மறுக்கலாம். அலுவலகம் வழியாகக் கிடைக்கும் ஆவணங்கள் பிற்காலத்தில் உதவும் என்று மாற்று வாதம் வைப்பவர்களும் உண்டு. எப்படியானாலும் அந்தத் தாயை வாதிக்கத் தெரிந்த ஒருவராக மதிப்பதாக இருந்தால், அவருடைய வாதத்தை எடுத்து வைத்து நிறுக்க வேண்டும். 'தாய் சொல்கிறாள், மறுபேச்சில்லை' என்று ஏற்பதும், 'தாய் உணர்ச்சியில் சொல்கிறாள்' என்று விடுவதும் அவர் சொன்னதைக் காதில் வாங்காததில் ஒன்றுதான்.

ஊர் அடையாளமும் இப்படிச் செய்யும். கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய இரணைமடுக் குளத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுபோகும் திட்டம் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு வந்தபோது, ஒருபக்கம் "வன்னியான் தண்ணீர் தரமாட்டான்" என்றார்கள், மறுபக்கம் "யாழ்ப்பாணத்தானுக்கு எங்கள் வியர்வை தெரியாது" என்றார்கள். பெயர்களை அழித்துவிட்டுப் படித்தால் இரண்டு பக்கமும் கனமான வாதங்கள் இருந்தன. குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரே கிணறுகளில் ஊறுகிறது. அதில் உவரும் பசளையிலிருந்து வரும் நைத்திரேற்றும் சேர்கின்றன. குடிநீர் இல்லாமல் மனிதர் வாழ முடியாது. இங்கேயோ, சிறுபோகத்தில் குளத்தின் கீழ் உள்ள வயல்களில் ஒரு பகுதிக்கு மட்டுமே நீர் கிடைக்கிறது. மழை பொய்த்த ஆண்டில் அதுவும் இல்லை. பிறகு எதைக் கொடுப்பது? இவற்றுக்கு விடை குளத்துக்கு ஆண்டுதோறும் வந்த நீரின் பதிவேட்டில்தான் இருக்கும், பிறப்புச் சான்றிதழில் இராது. பின்னர் திட்டம் மாறி, வடமராட்சி கிழக்கில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் அமைந்தது. ஆனால் அந்த நாட்களில் ஊர்ப்பெயர் சொல்லி ஏசிக்கொண்டவர்களின் மனக்கசப்பு இன்னும் வற்றவில்லை.

'அவருக்கு அதில் இலாபம் இருக்கிறதே, அதைப் பார்க்கக் கூடாதா?' என்று கேட்பீர்கள். பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். சொந்த நலன் இருப்பவரின் பேச்சை இன்னும் ஒருமுறை சரிபார்ப்பது விவேகம். ஆனால் நலன் இருக்கிறது என்று காட்டிவிட்டால் சரிபார்த்து முடிந்ததாக ஆகாது. கடைக்காரர் தன் நிறுவையைத் தானே நிறுத்தால் மறுபடி நிறுத்துப் பாருங்கள். நிறுக்காமலே குறைகிறது என்று சொல்லாதீர்கள். நான் எனக்கென்று ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். யாராவது சொன்னது எனக்கு எரிச்சலூட்டினால், அதே வாக்கியத்தை எனக்கு மிகவும் பிடித்த ஒருவர் சொல்வதாக மனதில் கேட்டுப் பார்ப்பேன். பிடித்தவர் சொன்னால், பிடிக்காத ஒருவரின் வாயில் வைத்துப் பார்ப்பேன். என் முடிவு மாறினால், நான் வாதத்தை இன்னும் தொடவே இல்லை என்று தெரிந்துவிடும்.

அன்று கூட்டத்தில் அதைச் செய்திருந்தால் இன்னொன்றும் புலப்பட்டிருக்கும். பெரியவர் பேசியதில் இரண்டு வாக்கியங்கள் இருந்தன. முதலாவது வசை, அதற்கு மன்னிப்பே இல்லை. இரண்டாவது, 'அந்தக் காணி பாசனப் பரப்புக்குள் இல்லை' என்பது, சரிபார்க்க வேண்டிய வாதம். குளத்து நீர் எந்தக் காணிக்கு உரியது என்று ஓர் எல்லை உண்டு. அதற்கு வெளியே நீர் போனால் உள்ளே இருப்பவருக்குக் குறையும். வசை பேசிய வாயிலிருந்து வந்ததால் நானும் இளைஞர்களும் அதையும் சேர்த்தே தள்ளிவிட்டோம். அவருக்குக் குழாய் இருக்கிறது, அதனால்தான் பேசுகிறார் என்று கூடத் தீர்மானித்துவிட்டோம்.

இரண்டு நாள் கழித்து, நீர்ப் பங்கீட்டைக் கவனிக்கும் வட்டவிதானையாரோடு வாய்க்கால் நீளத்துக்கும் நடந்தோம். அந்தப் பெண்ணும் வந்தார், பெரியவரும் வந்தார். மூன்று குழாய்கள் கண்டோம். கரை மண்ணை வெட்டி, நீலக் குழாயைச் செருகி, மேலே புல்லுக் கட்டி வைத்து மறைத்திருந்தார்கள். ஒன்றுகூடப் பெரியவருடையது அல்ல. பிறகு கமநல சேவை நிலையத்துக்குப் போய், மேசையில் வரைபடத்தை விரித்துப் பார்த்தோம். மடிப்புகளில் கிழிந்து, ஒட்டுத்தாள் போட்ட பழைய வரைபடம். பாசனப் பரப்பின் எல்லையைச் சிவப்புக் கோட்டால் இட்டிருந்தார்கள். கடைசியில் இருந்த ஒன்பது காணிகளில் நான்கு கோட்டுக்குள் இருந்தன, ஐந்து வெளியே.

தன் காணி வெளியே இருப்பதை முதலில் விரலால் தொட்டுக் காட்டியவர் அந்தப் பெண்தான். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு விரலைக் கோட்டுக்கு உள்ளே நகர்த்தி, "இந்த நான்கு காணிக்கும் கடைசியிலிருந்து பாய்ச்சத் தொடங்கினால்தான் சரிவரும் ஐயா" என்றார்.

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு வரைபடத்தின் மேல் குனிந்தார்.

"எத்தனை மணித்தியாலம் எடுக்கும் பிள்ளை?" என்று கேட்டார்.

அவர் கொப்பியைத் திறந்தார்.